பதினைந்தாம் எண் தகடு

தொழிற்சங்கக் கிளையின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டுமென்று இரண்டு இளைஞர்கள் குளுவாங்கில் என் வீட்டுக்கு வந்தார்கள். ரயில் பாதையை நடந்து பார்க்கும் வேலை இந்த ஆண்டோடு நின்றுவிட்டதாம். இனி மோட்டார் டிராலியில் உட்கார்ந்தபடியே பார்ப்பார்களாம். "ஜப்பான் சண்டக் காலத்துல நீங்க லைன்லதான இருந்தீங்க ஐயா? சண்டயப் பத்தி எழுதுங்க, எல்லாரும் படிப்பாங்க" என்றார் ஒருவர். நான் ஒரு சண்டையையும் கண்ணால் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் தண்டவாளம்தான் என்றேன். "அதயே எழுதுங்க லா" என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்து முடித்துக் கிளம்பிவிட்டார்கள்.

நான் வேலை கற்ற கதை நீளமானதல்ல. இரண்டு வருடம் சரளைக்கல் சுமந்தேன். இரண்டு வருடம் சம்மட்டி பிடித்தேன். பிறகு ரோந்துக்காரன் ஆக்கினார்கள். தோளில் நீளக்காம்புச் சுத்தியல், இடுப்பில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, கழுத்தில் கயிற்றில் கோத்த பித்தளைத் தகடு. காலையில் நியோர் நிலையத்திலிருந்து வடக்கே நடக்க வேண்டும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஆப்புகள் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்க வேண்டும். மண் சரிந்திருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா, பாலத்தின் காலை ஆறு அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே நேரத்தில் வடக்கே பாலோ நிலையத்திலிருந்து இன்னொருவர் தெற்கே நடந்து வருவார். பாதி வழியில் ஒரு மைல்கல் இருந்தது. அங்கே இருவரும் சந்தித்துத் தகடுகளை மாற்றிக்கொண்டு அவரவர் வழியில் திரும்ப வேண்டும். என்னுடையது பதினான்காம் எண். அவருடையது பதினைந்து. நிலையத்தில் என் கையில் பதினைந்தைப் பார்த்தால்தான் முழுத் தூரமும் நடந்தேன் என்று நம்புவார்கள். மறுநாள் பதினைந்தைக் கொண்டுபோய்க் கொடுத்து என் பதினான்கை வாங்கி வருவேன். ஆகவே ஒரு நாள் என் தகடு என் வீட்டில் இருக்கும், மறுநாள் அவர் வீட்டில் இருக்கும். துணை ரோந்து வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. திரும்பக் கூடாது, அவரைச் சந்திக்கும்வரை மேலே நடக்க வேண்டும்.

அந்த இன்னொருவர்தான் சவரிமுத்து அண்ணன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மெலிந்த ஆள், பெரிய குரல். வேதக்காரர். சட்டைப் பையில் ஜெபமாலையும் இலைச் சுருட்டும் ஒன்றாகக் கிடக்கும். கல்லை நெருங்கும்போதே "கோவிந்தூ, பசியாறியாச்சா?" என்று கத்துவார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் தன் பொட்டலத்தை அவிழ்த்திருப்பார். எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து என் ரொட்டியை வாங்கிப் பிட்டுப் பார்த்து, "லெட்சுமிக்கு இன்னும் ஒன்மேல கோவம் போல, உப்பே போடல" என்பார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். நான்கு வருடம். அவர் வீட்டை நான் பார்த்ததில்லை, என் வீட்டை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் லெட்சுமியைத் தவிர வேறு யாரோடும் நான் அவ்வளவு பேசியதில்லை. பிரிந்து வடக்கே போகும்போது, அரை மைல் தள்ளியிருக்கும் வளைவில் நின்று திரும்பிப் பச்சைக் கொடியை ஒரு முறை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். அது விதியில் இல்லாதது.

விதியில் இல்லாத இன்னொன்றும் எங்களிடம் இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தந்திக் கம்பம். அதில் அண்ணன் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார். பெருமழை நாட்களில் யார் முதலில் வருகிறாரோ அவர் தகட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். அடுத்தவர் வந்து அதை எடுத்துக்கொண்டு தன்னுடையதை மாட்டுவார். முதலாமவர் மறுநாள் விடியற்காலையில் ஓடி வந்து அதை எடுத்துப் போய் ஒன்றும் தெரியாதவர்போல நிலையத்தில் காட்டுவார். ஆணியில் தகடு தொங்கினால் என் பக்கத்து வழி சரியாக இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன் என்று பொருள். இளமைத் திமிர். நனையாமல் இருப்பது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

எங்கள் பாதை இன்ஸ்பெக்டர் கனகசபை ஐயாவுக்கு இந்த ஆணி விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். டிராலியை விட்டு இறங்கியதும் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டையின் ஓரத்தில் வைப்பார். ரயில் கடந்து போகும். பிறகு குனிந்து, பாதை ஆடியதில் எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பார்ப்பார். சிந்தியிருந்தால் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். எவரிடமும் சத்தம் போட்டு அவர் பேசியதில்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கழுத்துத் தகட்டை விரலால் தொட்டார். "இது என்ன தம்பி?"

"தகடுங்க ஐயா."

"இது நீர் பாத்ததுக்குச் சாட்சி. நீர் பாத்த நேரத்துக்கு மட்டும்தான் சாட்சி. ஆணியிலை கொழுவிப்போட்டு நீர் போன பிறகு பாதையிலை என்ன நடந்தது எண்டு ஆணி சொல்லுமே? கையிலையிருந்து கைக்குக் குடும். வாயாலையும் சொல்லும். விளங்கிச்சோ?"

விளங்கியது ஐயா என்றேன். அடுத்த பெருமழையில் மறுபடியும் ஆணியில்தான் மாட்டினேன்.

பிறகு சண்டை வந்தது. மற்றவர்கள் அதைப் பத்திரிகையில் படித்தார்கள். எங்களுக்குத் தண்டவாளமே சொன்னது. முதலில் வடக்கே போன வண்டிகள் கனமானவை. பீரங்கி, வெடிமருந்து, ஆஸ்திரேலியப் பட்டாளம், சீக்கியப் பட்டாளம். அவை போன பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் ஆப்பு தளர்ந்து கிடக்கும். கெமாஸ் பக்கம் ஒரு பாலத்தில் சைக்கிளில் வந்த ஜப்பான்காரர்களை மடக்கி அடித்துவிட்டார்கள் என்று சிகாமட்டிலிருந்து வந்த ரயில் கார்டு ஒருவர் கையைத் தட்டிச் சொன்னார். இரண்டு நாள் நிலையமே சிரித்த முகமாக இருந்தது. அதன் பிறகு வடக்கே போகும் வண்டிகள் இலேசாகிவிட்டன. தெற்கே வரும் வண்டிகளில் கட்டுப் போட்ட ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் கேட்டு ஜன்னலில் நீட்டிய கைகளுக்கு லெட்சுமியும் மற்றப் பெண்களும் வாளியோடு ஓடினார்கள்.

எனக்குப் புரியாத ஒன்றைக் கனகசபை ஐயாதான் சரளைக்கல்லில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். நடுவில் எங்கள் ரயில் பாதை. இடது பக்கம் கடலோரம் மூவார், பத்து பகாட். ஜப்பான்காரன் மூவாரில் ஆற்றைத் தாண்டிவிட்டான், அங்கிருந்து யோங் பெங் சந்திக்கு வந்துவிட்டால் நம் பட்டாளத்தின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவான், ஆகவே இங்கே தோற்காவிட்டாலும் பின்வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார். அப்படியே நடந்தது. சிகாமட் போனது. லாபிஸ் போனது. ஒவ்வொரு ஊராகப் போகப் போக அதன் தந்தி மணி எங்கள் நிலையத்தில் அடிப்பது நின்றது.

பொங்கல் கழிந்து சில நாட்கள் இருக்கும். கல்லருகே சவரிமுத்து அண்ணன் ரொட்டியைத் தொடவில்லை.

"வீட்டுல மரியம்மாவுக்குப் பொண்ணு பொறந்து பதினோரு நாள்தான் ஆவுது. எங்க லயத்து வீடுங்கள்ல பாதிப் பேரு காட்டுக்குள்ள போயிட்டாங்க. நான் என்னடா பண்றது?"

"எங்க பக்கம் வந்துருங்க அண்ணே. கடைசி வண்டியில குளுவாங் போயிரலாம். லெட்சுமியோட சித்தப்பா வீடு இருக்கு."

"சரி. நாளக்கி நீ ஒம்பக்கத்து வழியப் பாத்துட்டு வா. நல்லா இருந்தா நான் போயி அவளயும் புள்ளயயும் தள்ளுவண்டியில வெச்சுக் கூட்டியாந்துர்றேன். பச்ச ஒடம்புக்காரி, காட்டு வழில நடக்க முடியாது. லைன்தான் வேணும்."

சரி என்றேன். வளைவில் கொடி ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கனகசபை ஐயா நிலையத்தில் நின்றிருந்தார். எனக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த இரும்புப் பாலத்தில் பட்டாளத்துக்காரர்கள் வெடி வைக்கிறார்கள், மத்தியானம் இரண்டு மணிக்குத் தகர்த்துவிடுவார்கள் என்றார். சவரிமுத்துவின் குடும்பத்தைப் பற்றி நான் சொன்னதும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓடிப் போய் நேரத்தைச் சொல்லும். ரெண்டு மணிக்கு முன்னம் பாலத்துக்கு இஞ்சால வந்திட வேணும். வாயாலை சொல்லும், தம்பி."

பாலத்தில் சேலத்துப் பக்கத்துப் பட்டாளக்காரர் ஒருவர் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். தமிழ்க் குரல் கேட்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "சீக்கிரம் வந்துருங்க. எங்க சாருக்கு வாட்சுதான் சாமி" என்றார்.

நான் கல்லுக்குப் போனபோது மழை கொட்டியது. அண்ணன் இல்லை. வடக்கே பீரங்கி இடித்தது. முதலில் அது இடி என்று என்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். மேலே ஒரு விமானம் மேகத்துக்குள் சுற்றியது. அரை மணி நேரம் நின்றிருப்பேன். லெட்சுமி மூட்டையோடு பிளாட்பாரத்தில் இருப்பது கண்ணில் வந்தது. கல்யாணமாகி ஐந்து மாதம். வண்டி வந்துவிட்டால் நான் இல்லாமல் அவள் ஏற மாட்டாள்.

விதி எனக்குத் தெரியும். மேலே நடக்க வேண்டும். நான் நடக்கவில்லை. பதினான்காம் எண் தகட்டைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினேன், திரும்பினேன்.

பாதித் தூரம் வந்த பிறகுதான் என் புத்திக்கு உறைத்தது. அந்தத் தகடு அண்ணனிடம் என்ன சொல்லும்? வழி நன்றாக இருக்கிறது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லும். பாலத்தில் வெடி இருப்பதையோ இரண்டு மணியையோ அது சொல்லாது. திரும்பி ஓடினேன்.

ஆணியில் பதினைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

வந்திருக்கிறார். என் தகட்டை எடுத்துக்கொண்டு, தன்னுடையதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பார்த்தேன். வளைவுக்குப் பக்கத்தில், மழைக்குள்ளே, தோளில் சுத்தியலோடு சின்னதாகத் தெரிந்தார். "அண்ணே!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பீரங்கிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. சிவப்புக் கொடியை உருவி ஆட்டினேன். அவர் வளைவில் நின்று திரும்பினார். அந்த மழையில், அரை மைல் தூரத்தில், என் கையில் இருப்பது எந்த நிறம் என்று யாருக்குத் தெரியும்? தினமும் செய்வதைப்போலத் தன் கொடியை ஒரு முறை ஆட்டினார். பிறகு மறைந்துவிட்டார்.

ஓடிப் பிடித்திருக்கலாம். பச்சை உடம்புக்காரியின் புருஷன், அவர் வேகமாகத்தான் நடந்திருப்பார், ஆனாலும் இருபத்து நான்கு வயதுக் கால்கள் எனக்கு இருந்தன. வடக்கே இன்னொரு இடி விழுந்தது. அந்தக் கால்கள் தெற்கே திரும்பின. இதை இத்தனை காலம் லெட்சுமியிடம்கூட நான் சொன்னதில்லை.

நிலையத்தில் கனகசபை ஐயா என் கையிலிருந்த பதினைந்தைப் பார்த்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"கண்டீரோ?"

"கண்டேன் ஐயா. குடும்பத்தக் கூட்டியாறப் போயிருக்காரு."

"நேரம் சொன்னீரோ?"

"சொன்னேன் ஐயா."

அவர் என்னை நம்பினார் என்பதைவிட, தகட்டை நம்பினார். அப்படியும் பட்டாளத்து அதிகாரியிடம் போய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சி, மேற்கொண்டு ஒரு மணி நேரம் வாங்கினார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மூன்று மணிக்குப் பாலம் போன சத்தம் கேட்டது. பிளாட்பாரத்தில் லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தத்துக்குத்தான் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தாள். கடைசி வண்டியில் ஏறினோம்.

ஒரு வாரத்தில் ஜோகூர் பாரு வரைக்கும் எல்லாம் முடிந்தது. ஜப்பான்காரர்கள் எங்களைத் தேடிப் பிடித்து மறுபடி வேலையில் வைத்தார்கள். காலையில் வரிசையாக நின்று இச்சி, நி, சான் என்று எண்ணிக்கை சொல்லி, கிழக்கே பார்த்துக் குனிந்துவிட்டுத்தான் சுத்தியலைத் தொட வேண்டும். எண்ணிக்கை தவறியதற்கு ஒரு நாள் கனகசபை ஐயாவை எங்கள் முன்னால் அறைந்தார்கள். அவர் கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கட்டை ஓரத்தில் வைத்தார். எந்தக் கொடி பறந்தாலும் ரயில் கவிழக் கூடாது என்பதுதான் அவர் கட்சி.

பாலத்தை மரத்தால் கட்டி முடிக்கும்வரை கல்லுக்குப் போக வழியில்லை. கட்டி முடித்த முதல் நாள் பதினைந்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனேன். பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்க்காமல் தாண்டினேன். கல்லருகே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். எழுந்ததும் தெரிந்துவிட்டது, சவரிமுத்து அண்ணன் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர் அவர். அவர்தான் சொன்னார். சவரிமுத்து உயிரோடுதான் இருந்தாராம். பாலம் விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு லயத்துக்கே திரும்பிவிட்டாராம். இங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். சயாமில் ரயில் போடத் தண்டவாள வேலை தெரிந்த ஆட்கள் வேண்டுமென்று லாரி வந்து பத்து நாள் ஆகிறதாம். அதில் முதல் ஆளாக அவரைத்தான் ஏற்றினார்களாம்.

"அவங்க சம்சாரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுறாங்க. ஒங்கள ஒரு தடவ வரச் சொன்னாங்க."

"வர்றேன்னு சொல்லுங்க" என்றேன்.

போகவில்லை. என்ன முகத்தோடு போவது? குளுவாங் பக்கமிருந்தும் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். அன்றைக்கு அவர் பாலத்தைத் தாண்டியிருந்தாலும் பிடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அந்த வக்கீல் ஒரு நாளும் வழக்கை ஜெயிக்கவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்பியபோது ஒவ்வொரு வண்டிக்கும் குளுவாங் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். எலும்பும் தோலுமாக இறங்கியவர்களில் மெலிந்த, பெரிய குரல்காரர் ஒருவரைத் தேடினேன். "கோவிந்தூ, பசியாறியாச்சா?" என்று யாராவது கத்த மாட்டார்களா என்று ஏங்கினேன். இப்போது எழுதும்போதும் அந்த ஏக்கம் போகவில்லை. பிறகு நானே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கூலாய்க்கும் அங்கிருந்து ரெங்கத்துக்கும் போனேன். நிர்வாகம் புதிய தகடுகள் கொடுத்தது. பதினைந்து மட்டும் என் பெட்டியிலேயே இருந்தது.

கடைசி இரண்டு வருடம் பழைய நியோருக்கே என்னைப் போட்டார்கள். வேலையின் கடைசி நாளில் பெட்டியிலிருந்த பதினைந்தையும் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்லுக்குப் போய், பாலோ பக்கத்து மலாய் இளைஞரிடம் என் புதிய தகட்டைக் கையில் கொடுத்தேன். அவர் திரும்பிய பிறகும் நான் திரும்பவில்லை. விதிப்படி நடந்தேன். வளைவைத் தாண்டினேன். முப்பது வருடத்தில் அந்த வளைவுக்கு அப்பால் அன்றுதான் முதல் தடவையாக நடந்து போனேன். பாதையை ஒட்டிய தோட்டத்தில் கேட்டுக் கேட்டு மரியம்மா அண்ணியின் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

தலை முழுவதும் நரைத்திருந்தது. என் தோளிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். நான் பேர் சொல்வதற்கு முன்பே, "கோவிந்து தம்பியா?" என்றார்.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது. நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அண்ணி, அன்னிக்குப் பாலத்துல வெடி வெச்சிருந்தது எனக்குத் தெரியும். நேரமும் தெரியும். நான் நிக்காம ஆணியில மாட்டிட்டு ஓடிட்டேன். சொல்லிட்டேன்னு பெரிய ஐயாகிட்ட பொய்யும் சொன்னேன்."

அவர் உள்ளே போனார். அவ்வளவுதான், கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்து அவிழ்த்தார். பதினான்கு.

"லாரியில ஏறுறப்ப எங்கையில குடுத்தாரு. கோவிந்து வருவான், கையில குடு, ஆணியில மாட்டிடாதன்னு சொன்னாரு."

என்னால் கையை நீட்ட முடியவில்லை. அவரே என் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"அன்னிக்குப் புள்ளயத் தூக்கிக்கிட்டு நாங்க அங்க வந்தோம் தம்பி. பாலம் தண்ணியில கெடக்குது. நான் தலயில அடிச்சிக்கிட்டு அழுவுறேன். அவரு அந்தத் தகட்டயே பாத்துக்கிட்டு நின்னாரு. மொத வார்த்த என்னா சொன்னாரு தெரியுமா?"

தெரியாது என்று தலையை அசைத்தேன்.

"'நல்ல வேள, கோவிந்து தாண்டிட்டான்'னாரு."

என் கழுத்திலிருந்த பதினைந்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.